இது எங்க சாமி இல்லயே

போன வாரம் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி போன் போட்டான். கல்யாண வீடியோ யூனிட் வைத்திருக்கிறான். அவனுடைய எடிட்டிங் பையன்கள் இரண்டு பேர் இனி வீட்டிலிருந்துதான் வேலை பார்ப்பார்களாம். “அண்ணே, எந்த நாஸ் வாங்கலாம்? நாலு டிஸ்க் போடுறதா, ஆறு டிஸ்க் போடுறதா? இல்ல, பேசாம கிளவுடுக்கே போயிருவோமா?” என்று கேட்டான். நாஸ் என்றால் பல டிஸ்க்குகளைப் போட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக வைக்கிற பெட்டி. இந்தக் கேள்வி வருடத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது என்னிடம் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நான் சொல்வது ஒன்றுதான்: “டிஸ்க் அப்புறம் வாங்கலாம். ஃபைலுக்கெல்லாம் என்ன பேர் வைக்கே, அதச் சொல்லு.” கேட்டவர்களுக்குச் சப்பென்று போய்விடும். ஏதோ பெரிய விஷயம் சொல்லப்போகிறான் என்று பார்த்தால் பேர் வைப்பதைப் பற்றிப் பேசுகிறானே என்று. இவனும் அப்படித்தான். “பேரா? கேமரா வைக்கிற பேர்தாண்ணே” என்றான். அந்தக் கேமரா வைக்கிற பேரால்தான் நான் ஒரு ஊர் முன்னால் கூனிக் குறுகி நின்றேன். அவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான், பாதி கேட்கவில்லை. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இரண்டு அறை. கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு எல்லாம் எடுப்போம் என்றாலும் எங்களுக்குச் சோறு போடுவது கொடைதான், அதாவது எங்கள் பக்கத்துக் கோவில் திருவிழா. ஆடியில் கல்யாணம் கிடையாது என்று மற்ற ஊர் வீடியோக்காரர்கள் கேமராவைத் துடைத்து உள்ளே வைக்கும்போது எங்களுக்குத் தூக்கம் இருக்காது. செவ்வாய்க்கிழமை ஒரு ஊரில் அம்மன் கொடை என்றால் வெள்ளிக்கிழமை இன்னொரு ஊரில் சுடலை கொடை. வில்லுப்பாட்டில் ஆரம்பித்து, நையாண்டி மேளம், சாமக்கொடை, சாமி வேட்டைக்குப் போவது, விடியற்காலைப் படைப்பு என்று ராத்திரி முழுக்க ஓடும். அப்புறம் எட்டாம் நாள் எட்டாம் பூசை. அன்றைக்குக் கோவில் முன்னால் திரை கட்டி ஊரே உட்கார்ந்து கொடை வீடியோவைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. முழு வீடியோ ஒரு மாதம் கழித்துப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எட்டாம் பூசைக்கான பத்து நிமிஷ வீடியோ ஒரு மணி நேரம் பிந்தினால் நாற்பது போன் வரும்.

இந்த வேலையை என்னிடம் நாலு வருஷம் செய்துகொண்டிருந்த தங்கச்சி பிரசவத்துக்குக் கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போனாள். குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது அவளே போன் போட்டு, “அண்ணே, சும்மா இருக்க முடியல. இங்கன இருந்தே பாக்கேன்” என்றாள். எனக்கும் வேறு வழி இல்லை. கொடை வீடியோ வெட்டுவதற்கு மென்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. மேளத்தில் அடி எங்கே மாறுகிறது, சாமி வருவதற்கு முந்தின அரை நிமிஷம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் கையில் இருக்க வேண்டும். அது அவளுக்கு இருந்தது. 2022 சித்திரையில் ஆரம்பித்தோம்.

பாபநாசம் பஸ்

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கேமராவில் 4கே எடுத்தால் விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது மணிக்கு 45 ஜிபி. கொடைக்கு மூன்று கேமரா, ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம் ஓடினால் 1080 ஜிபி. ஆபீசில் ஃபைபர் லைன் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் என்று பேர், மேலே ஏற்றும்போது கைக்குக் கிடைப்பது நாற்பது. விநாடிக்கு ஐந்து மெகாபைட். இந்த வேகத்தில் ஒரு கொடை கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர அறுபது மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். எட்டு நாளில் இரண்டரை நாள் வெறுமனே கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அதே 1080 ஜிபியை ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் ஏற்ற இரண்டரை மணி நேரம். புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ் ஏற்றிவிட்டால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் கல்லிடைக்குறிச்சி. மொத்தம் நாலு மணி நேரம். அவள் அந்த டிஸ்க்கைச் செருகி அப்படியே வேலையை ஆரம்பிக்கலாம்.

ஆக பஸ்தான் என்று முடிவு செய்தோம். பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று, உள்ளே மடித்த துண்டு, துண்டுக்குள் டிஸ்க். மூடி திறந்துவிடாமல் இருக்கச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு. கண்டக்டர் அண்ணாச்சி ஒருவர் இரண்டாம் தடவையே, “என்னவே, தெனமும் சாப்பாடு அனுப்புதீரு, தங்கச்சி வீட்டுல உலை வைக்க மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டார். டிஸ்க் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி மார்க்கரில் எழுதுவேன். என்ன எழுதுவேன் என்பதுதான் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. “சுடலை கொடை”. அடுத்த டிஸ்க்கில் “சுடலை கொடை புதுசு”.

வீடியோ டிஸ்க்கில் போகும், ப்ராஜெக்ட் ஃபைல் மெயிலில் போகும். எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை, ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் பாதிப் பேருக்கு இன்னும் புரிவதில்லை: ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது. எந்த வீடியோ, எந்த வீட்டில், எந்தத் தெருவில் இருக்கிறது என்கிற விலாசம் மட்டும்தான் இருக்கும். ஆபீசில் நான் எழுதிய விலாசம் அவள் லேப்டாப்பில் செல்லாது. என்னிடம் ‘எஃப்’ என்று வருகிற டிஸ்க் அவளிடம் ‘ஜி’ என்று வரும். அதனால் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. ‘மீடியா ஆஃப்லைன்’ என்று பத்துப் பாஷையில் எழுதிக் காட்டும். அவள் ஒரு கிளிப்பைத் தேடிக் காட்டினால் மற்றவை அதே ஃபோல்டரைப் பிடித்துக்கொண்டு தானாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிஷ வேலை. இரண்டு நிமிஷ வேலைதானே என்று நாங்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் பூசை

அந்த ஆடியில் அடுத்தடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் இரண்டு சுடலை கொடை. ஊர்ப் பெயர்கள் வேண்டாம். முதல் ஊர் மானாவாரிப் பக்கம், இரண்டாவது ஆற்றங்கரை. முதல் ஊரின் டிஸ்க் அவளிடமே இருந்தது, முழு வீடியோவுக்கான வேலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் ஊரின் கொடையை நான் ஞாயிறும் திங்களும் ஆபீசில் உட்கார்ந்து ஒரு முதல் வெட்டு போட்டேன். நாஸில் எல்லாக் கார்டும் இருந்தது. திங்கள் ராத்திரி டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூன்றாம் கேமராவின் இரண்டாம் கார்டு மட்டும் பாக்கி, பச்சைக் கோடு முக்கால் தூரம் வந்திருந்தது. மிச்சம் இருக்கிற ஐந்தாறு கிளிப்பை நாம் எடிட்டில் எடுக்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு நிறுத்திவிட்டு டிஸ்க்கைப் பிடுங்கினேன். ஒன்று எடுத்திருந்தேன். சி0014.

எங்கள் மூன்று கேமராவும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கார்டை ஃபார்மேட் செய்ததும் மறுபடியும் சி0001 என்று ஆரம்பிக்கும். ஒரு கொடைக்கு ஆறு ஏழு கார்டு என்றால் ஆறு ஏழு சி0014 இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. வருஷக் கணக்காகத் தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் செவ்வாய் ராத்திரி இரண்டு மணி. குழந்தை அப்போதுதான் தூங்கியிருக்கிறது. ப்ராஜெக்டைத் திறந்து, டிஸ்க்கைக் காட்டி, எல்லாம் ஒட்டிக்கொண்டது, ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பு. தேடும் பெட்டியைத் திறந்து, பேர் அச்சாகப் பொருந்துவதை மட்டும் காட்டு என்கிற டிக்கையும் போட்டு, பக்கத்தில் செருகியிருந்த முதல் டிஸ்க்கையும் சேர்த்துத் தேடியிருக்கிறாள். மூன்றாம் கேமரா, இரண்டாம் கார்டு, சி0014 வந்தது. அச்சாகப் பொருந்தியது. சரி என்று அமுக்கினாள். சிவப்பு போய்விட்டது. திரையில் இருட்டு, தீப்பந்தம், புகை, சல்லடம் கட்டிய கால்கள், பின்னால் மேளக்காரர்கள். வேட்டையிலிருந்து சாமி திரும்பி வருகிற இடம். எதுவும் தப்பாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை அவள் அனுப்பியதை நான் அடுத்த கொடைக்குப் போகும் வழியில் போனில் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டேன்.

எட்டாம் பூசையன்று கோவில் முன்னால் நல்ல கூட்டம். பந்தலுக்கு வெளியேயும் ஆள் நின்றார்கள். வீடியோ ஓட ஓட அவரவர் வீட்டு ஆளைக் காட்டிச் சத்தம். சாமி வேட்டைக்குக் கிளம்புகிற இடத்தில் பெண்கள் பக்கமிருந்து குலவை எழுந்தது. அப்புறம் அந்த இடம் வந்தது. மெதுவாக ஓடும்படி போட்டிருந்தாள், நாலு விநாடி இருக்கும். குலவை பாதியில் தேய்ந்து நின்றது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையைத் தூக்கினார்.

“ஏய்யா, அத நிறுத்து.”

நிறுத்தினேன்.

“இது எங்க சாமி இல்லயே.”

“தாத்தா, இருட்டுல அப்படித் தெரியும்...”

“இருட்டு கிடக்கட்டும். பந்தத்தப் பாரு. எங்க சாமி எடது கையிலல்லா பிடிக்கும்.”

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். வலது கை. தள்ளி நின்ற ஒருவர், “இது அந்த ஊரு கோமரத்தாடில்லா. எங்க அக்காவக் குடுத்த ஊரு, எனக்குத் தெரியாதா” என்று ஊர்ப் பெயரையே சொல்லிவிட்டார். கோமரத்தாடி என்றால் சாமி ஆடுகிறவர். அந்த இரண்டு ஊருக்கும் ஏற்கெனவே ஆகாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கொஞ்சப் பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. கொடைக்கு வரி கொடுக்கிற வரிக்காரர்கள் நாலு பேர் என்னைக் கோவிலுக்குப் பக்கவாட்டில் கூட்டிக்கொண்டு போனார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். பெரியவர்தான், “பணத்த வச்சு என்ன செய்ய? சாமிய மாத்தி வச்சிருக்க. ரெண்டு லிட்டர் நல்லெண்ணெ வாங்கி வச்சுக் கும்பிட்டுட்டுப் போ. நம்ம சாமியப் போட்டு நாளைக்குக் கொண்டா” என்று முடித்துவைத்தார். ராத்திரி ஒன்பதரை மணிக்கு எண்ணெய் தேடி இரண்டு ஊர் சுற்றினேன்.

எண்ணெய் வாங்கப் போகிற வழியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். நாலு வருஷத்தில் அவளிடம் அப்படிப் பேசியது இல்லை. கண்ணு எங்க இருந்துச்சு, ஊரு பேரே கெட்டுப்போச்சு, இப்படியெல்லாம். அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நான் முடிக்கும் வரை இருந்துவிட்டு, “அண்ணே, சி0014-ன்னு கேட்டுச்சு. சி0014-அக் குடுத்தேன். இன்னொரு சி0014 இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. போனை வைத்துவிட்டாள்.

எந்த இசக்கி?

அந்தக் கேள்வி எனக்குப் பல நாள் போகவில்லை. எண்ணெய்க்குக் கொடுத்த காசு மறந்துவிட்டது, ஊர் சிரித்தது மறந்துவிட்டது, இது போகவில்லை. ஏனென்றால் அவள் செய்தது சரி. கேட்ட பேருக்கு உள்ள ஃபைலைக் கொடுத்திருக்கிறாள். தப்பு, ஆறு பேருக்கு ஒரே பேரை விட்டுவைத்தவன் மேல். ஏற்றி முடிக்காத டிஸ்க்கைப் பிடுங்கி பஸ்ஸில் ஏற்றியவனும் அவனேதான்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் ஐந்து இசக்கி. இசக்கிமுத்து மூன்று, இசக்கிராஜா, இசக்கிப்பாண்டி. அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. வீட்டுக்கு வந்து “இசக்கி கூப்பிட்டான்” என்றால் அம்மாவின் முதல் கேள்வி, “எந்த இசக்கி?” கீழத்தெரு இசக்கியா, பால்காரர் மகனா, தையக்கடை வீட்டு இசக்கியா? பதில் சொல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. சாமிக்கும் அப்படித்தானே. சும்மா சுடலை என்று யார் சொல்கிறார்கள்? சீவலப்பேரிச் சுடலை, ஆறுமுகமங்கலம் சுடலை. ஒரு கோவிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து இன்னொரு ஊரில் நிலையம் போட்டால், மண் எங்கிருந்து வந்தது என்பதை நாலு தலைமுறை கழித்தும் கேட்டால் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவன் டிஸ்க் மேல் ‘சுடலை கொடை புதுசு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். என் அம்மாவிடம் அந்த டிஸ்க்கைக் கொடுத்திருந்தால் அவளே கேட்டிருப்பாள்.

அந்த ஆடி முடிந்ததும் பத்து நாள் வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை. கல்லிடைக்குறிச்சிக்கு நேரில் போனேன். அவள் அம்மா காபியும் பொரித்த அப்பளமும் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் முதல் பத்து நிமிஷம் லேப்டாப்பைப் பார்த்தே பேசினாள். அப்புறம் சரியாகிவிட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். பேர் என்றால் வருஷம், மாசம், தேதி, ஊர், கேமரா, கார்டு, அப்புறம்தான் கேமரா கொடுத்த எண். வருஷத்தை முதலில் போட்டதால் எல்லாம் தானாக வரிசையில் நிற்கிறது. கார்டு ஆபீஸுக்கு வந்து நாஸில் இறங்கியதும், எடிட்டிங்கில் திறப்பதற்கு முன்பே, கிளிப் ஒவ்வொன்றும் இந்தப் பேருக்கு மாறிவிட வேண்டும். ப்ராஜெக்டில் இழுத்துப் போட்ட பிறகு மாற்றினால் அதுவே பெரிய வினை. ஏவிசிஹெச்டி என்கிற முறையில் பதிகிற பழைய கேமரா வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அந்தக் கார்டில் உள்ள ஃபைல்கள் ஒன்றையொன்று பேர் சொல்லித் தேடும், மாற்றினால் நீளமான ஷாட் துண்டுதுண்டாகப் போய்விடும். அதற்கெல்லாம் ஃபோல்டருக்கு மட்டும் பேர் வைத்துவிட்டு உள்ளே கை வைக்காமல் விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, விலாசம். ஆபீசில் நாஸும், அவள் வீட்டில் யூஎஸ்பி டிஸ்க்கும், என் லேப்டாப்பும், எல்லாமே ‘வி’ டிரைவ். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஒரு எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடலாம், நாஸையும் அதே எழுத்தில் மேப் செய்யலாம். உள்ளே ஃபோல்டர் அடுக்கு எங்கேயும் ஒன்றுதான். இதைச் செய்த நாளிலிருந்து அவள் ப்ராஜெக்டைத் திறந்தால் சிவப்பு வருவதில்லை. வந்தால் அந்த ஃபைல் உண்மையிலேயே அங்கே இல்லை என்று அர்த்தம், எனக்குப் போன் போடுவாள். முன்பெல்லாம் சிவப்பு தினமும் வரும், அதனால் அதைப் பார்த்து யாரும் பதறவில்லை. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. காசு ஒரு ரூபாய் செலவில்லை.

மூன்றாவது, சரிபார்க்காமல் எந்த டிஸ்க்கும் வாசல் தாண்டாது. டெராகாப்பி மாதிரி காப்பி எடுக்கிற மென்பொருள் ஒன்றில் ஏற்றினால், ஏற்றிய பிறகு இரண்டு பக்கமும் படித்து ஒவ்வொரு ஃபைலும் அப்படியே போயிருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பஸ் போனால் அடுத்த பஸ்.

எடுத்தாச்சு, வச்சாச்சு

இப்போதெல்லாம் டிபன் பாக்ஸ் அவ்வளவாகப் போவதில்லை. ராத்திரியில் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாக் கிளிப்புக்கும் ப்ராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல் போடும், 1280க்கு 720, விநாடிக்கு ஐந்து மெகாபிட். 24 மணி நேர வீடியோ 54 ஜிபியில் அடங்கிவிடும். மூன்று மணி நேரத்தில் நெட்டிலேயே போய்விடும். அவள் ப்ராக்ஸியில் வெட்டுகிறாள், ப்ராஜெக்ட் திரும்பி வருகிறது, நான் ஒரிஜினலில் திறந்து கலர் போட்டு வெளியே எடுக்கிறேன். பேரும் விலாசமும் சரியாக இருந்ததால்தான் இது நடந்தது. முன்பு இருந்த நிலையில் ப்ராக்ஸியை ஆரம்பித்திருந்தால் சி0014 ஆறு பேர், அவர்களுக்கு ஆறு பிள்ளைகள், பன்னிரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அல்லாடியிருப்போம்.

ப்ராக்ஸியிலும் அடி வாங்கினோம். வில்லுப்பாட்டு எடுக்கிற கேமராவில் நாலு சேனல் ஒலி பதிகிறது, ப்ராக்ஸி இரண்டு சேனலில் போட்டுவிட்டேன். ஒரிஜினலோடு சேர்க்கும்போது ஒட்டவே மாட்டேன் என்றது. ஒலிச் சேனல் எண்ணிக்கை, ஃப்ரேம் ரேட் இரண்டும் ஒரிஜினல் மாதிரியே இருக்க வேண்டும். ஃபோகஸும் ப்ராக்ஸியில் தெரியாது. பந்த வெளிச்சத்தில் எடுத்த ஷாட் சின்னத் திரையில் அழகாக இருக்கும், ஒரிஜினலில் பார்த்தால் சாமியின் முகம் மங்கலாக இருக்கும், பின்னால் நிற்கிற வேப்பமரம் பளிச்சென்று இருக்கும். அப்படிச் சந்தேகமான ஷாட்டுக்கெல்லாம் அவள் மஞ்சள் நிறம் கொடுத்து அனுப்புகிறாள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் இரண்டு பேரும் பார்க்கிற ஒரு சிங்க் ஃபோல்டரில் வைத்தோம். முதல் வாரமே ஒரே நேரத்தில் இரண்டு பேரும் திறந்து வேலை பார்த்து, ஒன்றுக்கு இரண்டு ஃபைல் ஆகி, அவளுடைய மூன்று மணி நேர வேலை எதில் இருக்கிறது என்று தேட இன்னொரு மூன்று மணி நேரம் போனது. இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடுகள் உண்டு. டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில் ப்ராஜெக்ட் சர்வர் வைத்தால் ஒரே ப்ராஜெக்டில் பல பேர் வேலை பார்க்கலாம். எங்கள் இரண்டு பேருக்கு அது யானை கட்டித் தீனி போடுகிற வேலை. ஒரு வாட்ஸப் குரூப். திறப்பவர் ‘எடுத்தாச்சு’ என்று போட வேண்டும், மூடியதும் ‘வச்சாச்சு’. கடைசியாக இருப்பது ‘எடுத்தாச்சு’ என்றால் மற்றவர் தொடக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தக் குரூப்பில் வேறு எதுவுமே இல்லை, நடுவில் ஒரு தடவை அவள் பிள்ளை தட்டி விட்ட ஒரு வரிப் பொம்மைகளைத் தவிர.

சென்னையில் இருக்கிற ஒரு நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எதுக்கு இவ்வளவு பாடு? ரிமோட் டெஸ்க்டாப் போடு, அவங்க வீட்டுலருந்து உன் ஆபீஸ் கம்ப்யூட்டரையே ஓட்டட்டும், ஃபைல் எதுவும் நகரவே வேண்டாம்” என்றார். தப்பில்லாத யோசனை. ஒரு மாதம் செய்து பார்த்தோம். படம் வருகிறது, ஆனால் மேளத்துக்கு வெட்டுகிறவளுக்கு அடியும் படமும் இம்மி பிசகினாலும் கை ஓடாது. அதோடு அவளுக்கென்று ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் சும்மா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ஆபீஸ்களுக்குச் சரி. எனக்கு அந்தக் காசுக்கு ஒரு லென்ஸ் வந்துவிடும்.

2023 டிசம்பர் மழையையும் சொல்ல வேண்டும். 17, 18 தேதிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் ஆட்களோடு ரயிலே நின்றுபோனது, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு வந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் மாடி, தண்ணீர் வரவில்லை. ஆனால் ஒரு காப்பி வேறு இடத்தில் இருக்கட்டும் என்று சிந்துபூந்துறையில் ஒரு சேக்காளி வீட்டு இரும்புப் பெட்டியில் ஆறு டிஸ்க் வைத்திருந்தேன். பெட்டி தரைத்தளத்தில். தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது பெட்டிக்குள் சேறு. உள்ளுக்குள் பதறிக்கொண்டு வந்து நோட்டைப் புரட்டினேன். ஐந்து டிஸ்க்குக்கு நேராக என்னென்ன கொடை, மறு காப்பி எங்கே என்று எல்லாம் இருந்தது, பத்து நிமிஷத்தில் மூச்சு வந்தது. ஆறாவதுக்கு நேராக ‘பழசு’ என்று மட்டும் எழுதியிருந்தேன். நோட்டுப் போடுவதற்கு முந்தின காலத்து டிஸ்க். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராவது பழைய சடங்கு வீடியோ கேட்டுப் போன் போடும்போதெல்லாம் வயிற்றில் ஒரு கலக்கம் வந்து போகிறது.

வள்ளியூர்த் தம்பிக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தால் அவன் மறுபடியும் “சரிண்ணே, அப்போ எந்த நாஸ்?” என்றுதான் கேட்பான் என்று தெரியும். நாலு டிஸ்க் போதும் தம்பி. ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கும். நாலும் சேர்ந்து நனைந்தால் தாங்காது.

அந்த ஆற்றங்கரை ஊர்க் கொடையை இப்போதும் நாங்கள்தான் எடுக்கிறோம். எட்டாம் பூசைக்கு முந்தின நாள் வீடியோவை முதலில் பெரியவரின் பேரன் போனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அந்த வருஷத்திலிருந்து வந்த வழக்கம். இந்த வருஷமும் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து அவர் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: “பாத்தாச்சுய்யா. பந்தம் எடது கையிலதான் இருக்கு. போடு. வரும்போது எண்ணெய மறந்திராத.”